மினுங்கும் பக்கத்தில் வைத்த பொட்டு

அம்மா சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டாள். சந்தனம் ஒட்டிய விரல், திறந்திருந்த என் மகளின் லேப்டாப்பை நோக்கிப் போனது. திரைக்குக் கிட்டே போனதும் நின்றது. பிறகு அம்மா இன்னொரு கையால் அதை மூடி, மேல்மூடியின் நடுவில் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். "மினுங்கற பக்கம் வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கறா" என்றாள், யாரும் கேட்காமலேயே.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் பெயரில்லாமல் 'அவள்' என்றால் அது நீதான். நீ செத்து இத்தனை வருஷம் ஆன பிறகும் அம்மா உன்னைப் பற்றி 'சொன்னாள்' என்று முடித்துப் பேசுவதில்லை. 'சொல்லியிருக்கறா' என்கிறாள். ஏதோ நீ பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியிருப்பது போலவும், சாயந்திரம் பஸ்ஸில் வந்து இறங்கி, திரையில் பொட்டைப் பார்த்தால் கோபித்துக்கொள்வாய் என்பது போலவும். பெற்ற மகள் நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லி அம்மா எதையும் நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

ஆயுத பூஜைச் சந்தனம் மணக்கும்போது மற்றவர்களுக்குச் சாமி நினைவு வரும். எனக்கு நீ வந்தாய், உன் கம்ப்யூட்டரோடு. பொரியும் கடலையும் பங்கிட்டு முடித்துவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதினால் படிக்க ஆளில்லை என்று தெரியும். ஆனால் இன்றைக்கு அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு உன்னிடம் பேசாமல் எனக்கு மலையிறங்க முடியாது.

நீ என் தம்பி பெண்டாட்டியாக இந்த மலைக்கு வந்த வருஷம், திருப்புலி நாடு என்கிற எங்கள் மலைப்பக்கத்தில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. சீரில் கட்டில், பீரோவுக்குப் பின்னால் அது லாரியில் ஏறி வந்தது. சேலத்தில் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே ஒரு சென்டரில் சொல்லிக்கொடுத்தவள் என்று உன்னைப் பற்றிப் பெண் பார்த்த நாளிலேயே பேச்சு. என்னைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தி, மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சிக்குக் கட்டிக்கொடுத்தவர் என் அப்பா. அவர்தான் அந்தப் பெட்டியை நனையாமல் தார்ப்பாய் போட்டு இறக்கினார். மிளகுக் கொடிக்குக்கூட அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. மறைத்துப் பேச இனி என்ன இருக்கிறது?

கல்யாணம் முடிந்த விருந்துக்கு நானும் உன் அண்ணாவும் (என் வீட்டுக்காரரை நீ அப்படித்தான் கூப்பிடுவாய்) பிள்ளைகளோடு மேலே வந்தோம். வாடகைக்கு எடுத்து வந்த ஒரு சினிமா சி.டி.யை நீ போட்டாய். குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை முடித்த ஜனமெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பாட்டுத் தொடங்கியதும் கதாநாயகி பச்சையாகிப் போனாள். பிறகு முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது. ஒரு கட்டத்தில் கண், அதற்கு இரண்டு கட்டம் தள்ளி இன்னொரு கண். பாட்டு மட்டும் சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. போச்சு, சேலத்துப் படிப்பு இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நீ பதறவில்லை. சத்தம் நன்றாக வருகிறது, அதனால் பாதி சரி என்றாய். வேறு ஒரு சி.டி.யைப் போட்டாய், அதுவும் உடைந்தது. அப்படியானால் சி.டி.யில் குற்றமில்லை என்றாய். படம் ஓட்டும் புரோகிராமை மாற்றினாய், அப்போதும் பச்சை. பிறகு எங்கோ உள்ளே போய் ஒரு சின்ன அம்புக்குறியைப் பிடித்து ஒரு புள்ளி பின்னால் இழுத்தாய். கதாநாயகி மனுஷியாகிவிட்டாள். கூடத்தில் ஒரே கைதட்டல்.

"என்ன கண்ணு பண்ணுன?" என்று அப்பா கேட்டார்.

"படத்தச் சீக்கிரம் வரையறதுக்கு அது குறுக்கு வழில போகுதுங்க மாமா. அந்த வழிய அடச்சு, சுத்தி வரச் சொன்னேன். அத ஓட்டற டிரைவர் புரோகிராமு சரியில்லீங்க. புதுசு வாங்கிப் போட்டா நல்லாப் போகும்."

"டிரைவருக்கு மலை ரோடு பழகோணுமல்ல" என்றார் அப்பா. சிரித்தார். அப்பா சிரித்ததை நான் பார்த்தேன் என்று எழுதும்போது இப்போதும் என் கை அழுத்துகிறது. 'கண்ணு' என்று அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது என் சின்ன வயசோடு சரி. கட்டிக்கொடுத்த பிறகு "சாப்டியா", "போயிட்டு வா" என்ற இரண்டு வார்த்தையோடு அவர் கணக்கை முடித்துக்கொண்டார். வந்து மாசம் ஆகாத நீ கண்ணாகிவிட்டாய். மறுநாள் காலையில் பார்க்கிறேன், அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸை நகர்த்திக்கொண்டிருக்கிறார். அம்பு ஓரத்துக்குப் போய்க் காணாமல் போகிறது. நீ அவர் விரலைத் தொடாமல், "ரவ இந்தப் பக்கம் வாங்க மாமா" என்கிறாய். நான் காப்பியைக் கொண்டுவந்து சத்தம் வரும்படி வைத்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அடுப்படியில் உன்னை மடக்கலாம் என்று, எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே, எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். நீ கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னாய்: "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்திப் பாக்கோணுங்க நங்கையா. ரெண்ட மாத்துனா எதுல கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது." புருஷனின் அக்காளை நங்கையா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். சேலத்துக்காரி நீ அதை ஒரு நாளும் மறக்கவில்லை. மரியாதையில் குறை வைத்திருந்தாலாவது எனக்குச் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும்.

பிறகு கல்யாண சி.டி. வந்தது. இரண்டு தட்டு. முதல் தட்டில் நலங்கிலிருந்து இணைச்சீர் வரைக்கும். இரண்டாவதில் முகூர்த்தம். கடலைக்காய் பறிப்பு நேரம், நான் உடனே மேலே வர முடியவில்லை. நீயும் தம்பியும் ஒரு சந்தை நாளில் மிளகு விற்க இறங்கி வந்து, எங்கள் வீட்டுக்கும் வந்தீர்கள். நீ தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்கும்போது, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாய்.

"உங்க சீர்ல மாமா அழுதது படத்துல அப்படியே உழுந்திருக்குதுங்க நங்கையா. ஆயுத பூசைக்கு வாங்க, போட்டுக் காட்டறேன்."

எங்கப்பா அழுதாரா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. இணைச்சீர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளை நிறுத்திச் செய்யும் சீர் அது. அன்றைக்கு அந்தக் கொஞ்ச நேரம் மணவறையில் மணப்பெண் கிடையாது. கூறைச் சேலையின் ஒரு முனை தம்பி கையிடுக்கில், மறுமுனை என் கையில். அந்தச் சேலையைத்தான் அதற்குப் பிறகு நீ உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். என் வாழ்க்கையில் ஊர் முழுக்க என்னைப் பார்த்து நின்றது இரண்டே தடவை. என் கல்யாணத்தில் தலையைக் குனிந்திருந்தேன். இதில்தான் நிமிர்ந்து நின்றேன். ஆனால் அப்பா எனக்குப் பின்னால் பந்தக்கால் பக்கம் நின்றார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள், நானும் பார்க்கவில்லை.

தம்பியைக் கேட்டேன். "நா எங்கக்கா கவனிச்சேன்? நீ போட்டுப் பாத்துக்க" என்றான். அம்மாவிடம் ஆளனுப்பிக் கேட்டேன். "அவரா? வேத்திருக்கும், தொடச்சிருப்பாரு" என்று பதில் வந்தது. ஆக, அப்பா எனக்காக அழுததைப் பார்த்த ஜீவன் உலகத்தில் ஒன்றுதான். அது நீ. இதைவிட ஒரு கொடுமை உண்டா?

எங்கள் வீட்டிலும் பூஜை இருந்ததால் மறுநாள்தான் கிளம்பினேன். காரவள்ளியிலிருந்து வளைவு வளைவாக ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்பா அழுதால் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தபடியே வந்தேன். மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தேன். நீ வாங்க நங்கையா என்றாய். அம்மா உள்ளே போய்விட்டாள்.

முதல் தட்டு ஓடியது. நலங்கு வந்தது, உன் தோழிகள் வந்தார்கள், பந்தியில் இலை போடுவதுகூடத் தெளிவாக வந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு நான் சீர்க் கூடையோடு மணவறைக்கு நடந்து வருகிறேன். என் சேலையின் அரக்கு நிறம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. என் தலை ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் நடந்தது. மேளம் விக்கி விக்கி அடித்தது. அப்புறம் எல்லாம் சாம்பல் கட்டம். எங்கோ ஓரத்தில் ஒரு வெள்ளைத் துண்டு, அது அப்பாவுடையதா, பந்தலில் கட்டிய துணியா என்று தெரியவில்லை. பெட்டி உறுமிவிட்டு நின்றது.

நீ சட்டென்று படத்தை மூடினாய். "டிரைவர் தகராறுங்க நங்கையா. புதுசு போட்டாச் சரியாயிரும்."

"அத்தன நேரம் நல்லாத்தான வந்துச்சு? எஞ்சீரு வாரப்ப மட்டும் உன்ற டிரைவருக்கு என்ன வந்துருச்சு?"

அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாவது தட்டைப் போட்டாய். உன் தாலிகட்டு மழை பெய்து கழுவிய இலை மாதிரி ஓடியது. உன் மூக்குத்தியில் வெளிச்சம் பட்டதுகூடத் தெரிந்தது.

நான் முட்டாள் இல்லை. படிப்பை நிறுத்தினார்களே தவிர, பார்வையை நிறுத்தவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று என்று சொன்னவள் நீ. முதலில் சி.டி.யை வெளியே எடுத்துப் பார்ப்பவள் நீ. அன்றைக்கு அந்தத் தட்டை நீ என் கண்ணில் காட்டவேயில்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் கவரில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினாய். ஒன்றையும் மாற்றிப் பார்க்காமல், எடுத்த எடுப்பில் டிரைவர் என்றாய். இது நீ வேலை செய்கிற விதமே இல்லை. அப்போது எனக்கு ஒரே ஒரு முடிவுதான் வந்தது. கூறைச் சேலையை இன்னொருத்தி பிடித்து நிற்பதைப் பார்க்க உனக்குப் பொறுக்கவில்லை, நீயே ஏதோ செய்துவிட்டாய். வீட்டுக்குத் திரும்பியதும் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் "உனக்கு வேற வேல இல்ல" என்றார். வேறு பிரதி கேட்டு ஸ்டுடியோவுக்கும் அவரை அனுப்பினேன். அந்த டேப்பில் வேறு கல்யாணம் எடுத்தாகிவிட்டதாம்.

அதற்குப் பிறகு நான் ஒரு பண்டிகை விடவில்லை. பொங்கல், ஆடிப் பதினெட்டு, எது வந்தாலும் மலையேறினேன். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் கேட்பேன், "டிரைவர் வந்துட்டானா?" நீயும் சளைக்காமல், நாமக்கல்லில் சொல்லியிருக்கிறோம், சேலத்தில் சொல்லியிருக்கிறோம் என்பாய். ஒரு தடவை புது டிரைவர் போட்டதாகச் சொன்னாய், இன்னொரு தடவை சி.டி. போடும் பெட்டியையே மாற்றியிருந்தாய். என் சீர் மட்டும் வரவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். நீ பக்கத்தில் நின்று இன்னும் ரவ சோறு போடட்டுமா என்பாய்.

அப்பா போனார். காரியம் முடிந்த அன்று, பாத்திரம் கழுவுகிற இடத்தில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். வெட்கத்தை விட்டு உன்னிடம் கேட்டேன்: "எப்படி அழுதாரு?" நீ கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணெதிரே படம் ஓடுகிற மாதிரி சொன்னாய்.

"நீங்க சேலை முனையப் புடிச்சுட்டு நேரா நிக்கறீங்க. மாமா பந்தக்கால ஒரு கையில புடிச்சிருக்கறாங்க. மொதல்ல உங்க முதுகையே பாக்கறாங்க. அப்புறம் துண்ட எடுத்து வாயப் பொத்திக்கறாங்க, கண்ணத் தொடைக்கல, வாயத்தான். கேமராக்காரன் லைட்ட அந்தப் பக்கம் திருப்பறான். மாமாவுக்குக் கூசுது, மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. கன்னம் ரெண்டும் நனஞ்சு மின்னுது."

உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். எனக்கு வந்தது பொறாமை. அவர் வாயைப் பொத்திக்கொண்டார் என்பது மகளுக்குத் தெரியவில்லை, மருமகளுக்குத் தெரிந்திருக்கிறது. "நல்லாத்தான் கத சொல்ற" என்று சொல்லிவிட்டு மீதிப் பாத்திரத்தைக் கழுவினேன்.

நீ நோயில் படுத்தபோதும் பார்க்க வந்தேன். உன் தலைமாட்டில் அந்தக் கம்ப்யூட்டர் உறை போட்டு மூடியிருந்தது. அப்போது நான் டிரைவரைப் பற்றிக் கேட்கவில்லை. நீயாக, "வந்துட்டே இருங்க நங்கையா" என்றாய். நோயாளிகள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை அம்மா லேப்டாப்பை மூடிப் பொட்டு வைத்த பிறகு, சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"மினுங்கற பக்கம் வெச்சா என்னம்மா ஆகும்?"

"படம் ஒடஞ்சு போயிருஞ் சாமி."

"உனக்கெப்படித் தெரியும்?"

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வயசாகிவிட்டது, இனி யாருக்குப் பயந்து என்ன என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அந்தக் கல்யாணத் தட்டுக்கு நாந்தான வெச்சேன். கல்யாணமே அதுக்குள்ள இருக்குதுன்னாங்க. மம்பட்டிக்கு வெக்கறோம், ஏணிக்கு வெக்கறோம், கல்யாணத்துக்கு வெக்காம உடறதா? கண்ணாடியாட்ட மினுங்குச்சு, அதுதான் மூஞ்சின்னு ஓரத்துல வெச்சேன். மக்யா நாளு, நீ வாரதுக்கு முன்னால பாத்தா காஞ்சு ஒட்டிக்கிச்சு. வௌக்குத் தேய்க்கற புளியும் நாரும் எடுத்து, பொட்டு இருந்த எடத்த மட்டும் ரவ தேச்சுட்டேன்."

புளியும் தேங்காய் நாரும். பித்தளைக் குத்துவிளக்கு பளபளக்கும். சி.டி. என்ன ஆகும்? அதுவும் ஓரத்தில். தட்டு உள்ளேயிருந்து வெளியே ஓடும், கடைசிப் படம் ஓரத்தில் இருக்கும் என்று நீதான் ஒரு தடவை என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். முதல் தட்டின் கடைசிப் படம் என் சீர்.

"அவ பாத்துட்டு ஒரு வார்த்த திட்டுல. அப்பறம் நீ இல்லாதப்ப பேஸ்ட்டப் போட்டுத் தேச்சா, வாழப்பழத் தோலப் போட்டுத் தேச்சா, என்னென்னமோ பண்ணுனா. நாந்தான் கேட்டேன், உங்கிட்டச் சொல்லீரலாமான்னு. அதுக்கு அவ, வேண்டாமுங்க அத்தை, உங்க மேல கோவிச்சுட்டா அவங்க இந்த ஊட்டுக்கு வார்றத நிறுத்திப் போடுவாங்க. எம்மேல கோவிச்சுட்டா வந்துட்டேதான் இருப்பாங்கன்னா."

நான் எழுந்து இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது அழுகை இல்லை. என் அம்மாவும் நீயும் ஒரு ரகசியத்தை இத்தனை வருஷம் இந்த அடுப்படிக்குள் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வந்து முகம் தூக்கும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்பாவை எடுத்துக்கொண்டாய், சரி. அம்மாவையுமா?

அடுத்து வந்ததுதான் பயம். இவ்வளவு சாதாரணமாக, முகம் மாறாமல், வருஷக்கணக்கில் டிரைவர் என்று பொய் சொன்னவள் நீ. நல்லதற்காகச் சொன்னாய். அப்படியானால் அப்பா அழுததும் எனக்கு நல்லது என்று நீ சொன்னதுதானோ? பந்தக்கால், வாயைப் பொத்திய துண்டு, கூசிய வெளிச்சம், எல்லாம் பாத்திரம் கழுவும் இடத்தில் நீ கட்டியதோ? கேட்டுத் தெரிந்துகொள்ள நீ இல்லை.

பிறகு நீ சொன்னபடியே செய்தேன். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். டிரைவர் என்று நீ சொன்னது எப்போது? தட்டு கெட்ட பிறகு. அப்போது உனக்குப் பொய் சொல்ல ஒரு காரணம் இருந்தது. அப்பா அழுதார் என்று சொன்னது எப்போது? அதற்கு முன்னால், சந்தைக்கு வந்த அன்று, என் வீட்டில் தண்ணீர் குடித்தபோது. அன்றைக்குத் தட்டில் பொட்டும் இல்லை, கீறலும் இல்லை. வாங்க, போட்டுக் காட்டறேன் என்று நீயே கூப்பிட்டாய். இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு யாராவது போட்டுக் காட்டுகிறேன் என்பார்களா? திரும்பத் திரும்ப யோசித்தேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது உடையவில்லை.

அப்பா அழுதார். எனக்காகத்தான் அழுதார். கண்டுபிடித்துவிட்டேன்.

ஆனாலும் நான் கண்டுபிடித்தவள், நீ பார்த்தவள். அந்த முகத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் படம் வருவதில்லை, உன் சேலத்துக் குரல்தான் வருகிறது. நீ சொன்ன வரிசையிலேயே அவர் பந்தக்காலைப் பிடிக்கிறார், துண்டை எடுக்கிறார், திரும்பிக்கொள்கிறார். என் அப்பாவின் கண்ணீரை உன் வாய்வழியாகத்தான் நான் வைத்திருக்கிறேன். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் உன்னை நான் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. இந்த வீட்டில் எல்லோரும் கூப்பிட்டார்கள், நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள், பொங்கலுக்கு வருவாயா என்று. வாரேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்மேல் பொறாமை அப்படியேதான் இருக்கிறது, கண்ணு. அது இருக்கும்வரை நான் இந்த வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருப்பேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.